வெயிட்டிங் லிஸ்ட் எப்படி நகருது?



இந்த மாதப் பாடம் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுட்டு பதிலுக்காகக் காத்திருக்கிறவங்களுக்கானது. அவங்க வீட்டில் இருக்கிற அண்ணன், அக்கா, அப்பா, அம்மாவும் படிக்கலாம். எழுதுறவன் பொறியியல் மாணவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனா வரிசை, நிகழ்தகவு, காத்திருப்பு நேரம் எல்லாம் நான் படிக்கிற பாடத்தில் வருது. நம்ம வகுப்பிலேயே சிலர் இந்தக் காத்திருப்பில் இருக்காங்க. “லிஸ்ட்ல ஏழாவது ஆளா இருக்கேன் அண்ணா, கிடைக்குமா?” என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லணும்னு தோணுச்சு.

மூன்று விஷயம் பார்ப்போம்: பட்டியல் ஏன் நகருது, நம்ம கையில் என்ன இருக்கு, வீட்டில் இதை எப்படிப் பேசுறது.

1. காத்திருப்பு எத்தனை வகை?

நம்ம நாட்டில் பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, யுபியு முடிவு. எஸ்.டி.பி.எம் அல்லது மெட்ரிகுலேஷன் முடிச்சவங்க அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு இதில்தான் விண்ணப்பிக்கிறாங்க. மெரிட் மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வும் உண்டு.

இரண்டாவது வகை, ராயுவான் எனும் மேல்முறையீடு. கேட்ட துறை கிடைக்கலன்னா, குறிப்பிட்ட சில நாளுக்குள்ளே மறுபடி விண்ணப்பிக்கலாம். இடம் காலியா இருந்தாத்தான் தருவாங்க.

மூன்றாவது வகை, தனியார் அல்லது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வெயிட்டிங் லிஸ்ட். “உங்க தகுதி சரி, இப்போதைக்கு இடம் இல்லை, காலியானா கூப்பிடுவோம்”னு கடிதம் வரும்.

மூன்றிலும் பொதுவான விஷயம் ஒன்று. உங்களுக்கு முன்னாடி இருக்கிற யாராவது ஓர் இடத்தை விட்டால்தான் அந்த இடம் உங்களுக்கு வரும்.

2. ஏழாவது ஆளின் கணக்கு

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வெச்சது, எந்தப் பல்கலைக்கழகத்தோட எண்களும் இல்லை.

ஒரு மருத்துவ பீடத்தில் 100 இடம். நூறு பேருக்கு மட்டும் வாய்ப்புக் கடிதம் அனுப்பினா, சிலர் வேற இடத்துக்குப் போயிடுவாங்க, நாற்காலி காலியா நிற்கும். ரொம்ப அதிகம் பேருக்கு அனுப்பினா, எல்லாரும் வந்துட்டா உட்கார இடம் இல்லை. அதனால் பீடம் 120 பேருக்கு அனுப்புது. ஒவ்வொருத்தரும் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு 80 விழுக்காடுன்னு வெச்சுக்குவோம். சராசரியா 96 பேர் வருவாங்க. ஆனா சராசரி மாதிரியே ஒவ்வொரு வருஷமும் நடக்காது. பத்து வருஷத்தில் ஏறக்குறைய ஏழு வருஷம் இந்த எண்ணிக்கை 92க்கும் 100க்கும் நடுவில் இருக்கும். அதாவது வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்து ஒரு வருஷம் எட்டுப் பேரைக் கூப்பிடலாம், இன்னொரு வருஷம் ஒருத்தரையும் கூப்பிடாம இருக்கலாம்.

இந்தக் கணக்குப்படி இரண்டாவது ஆளுக்கு இடம் கிடைக்கிற வாய்ப்பு சுமார் 72 விழுக்காடு. ஏழாவது ஆளுக்குச் சுமார் 28 விழுக்காடு. இரண்டு பேருக்கும் நடுவில் மதிப்பெண் வித்தியாசம் அரைப் புள்ளிகூட இருக்காம போகலாம்.

இப்போ ஒரே ஒரு எண்ணை மாத்திப் பார்ப்போம். ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு 80க்குப் பதிலா 75 விழுக்காடு ஆகுது. பக்கத்தில் இன்னொரு பல்கலைக்கழகம் உபகாரச் சம்பளம் அதிகமா கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான். அதே ஏழாவது ஆளோட வாய்ப்பு 28ல் இருந்து சுமார் 77 விழுக்காட்டுக்கு ஏறிடுது. அவர் கூடுதலா ஒரு பக்கம்கூடப் படிக்கல. ஒரு பூஜைகூட அதிகமா செய்யல. யாரோ முகம் தெரியாத சிலர் வேற ஊரைத் தேர்ந்தெடுத்தாங்க.

இந்தப் பாடத்தில் மனசுல நிறுத்த வேண்டியது இதுதான். நேர்முகத் தேர்வு வரைக்கும் நடந்தது உங்க உழைப்பைப் பத்தினது. லிஸ்ட்டில் ஏறினதுக்கு அப்புறம் நடக்கிறது மற்றவங்களோட முடிவைப் பத்தினது. கிடைச்சா “நான் பெரிய ஆள்”னும், கிடைக்கலன்னா “நான் லாயக்கில்லை”ன்னும் அர்த்தம் எடுக்க அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை.

3. இந்தத் தலைவலிக்கு நோபல் பரிசு கிடைச்ச கதை

காத்திருப்போர் பட்டியலைக் கணிதமாவே ஆராய்ஞ்சிருக்காங்க. அதுக்குக் காரணமும் மருத்துவ மாணவர்கள்தான்.

1940களில் அமெரிக்காவில் மருத்துவம் முடிச்ச மாணவர்கள் பயிற்சிக்கு மருத்துவமனை தேடினாங்க. இவங்களைப் பிடிக்க மருத்துவமனைகளுக்குள்ளே போட்டி. “இடம் தர்றோம், உடனே பதில் சொல்லு”ன்னு நெருக்கினாங்க. மாணவனோ, தனக்குப் பிடிச்ச வேறொரு மருத்துவமனையோட வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பான். இதை ஏத்துக்கிட்டா அது போயிடும், அதுக்காகக் காத்திருந்தா இது போயிடும். பதில் சொல்லக் கொடுத்த அவகாசம் நாள் கணக்கில் இருந்து மணிக் கணக்குக்குக் குறைஞ்சுது. கடைசியா 1952ல் எல்லா விருப்பப் பட்டியலையும் ஒரே இடத்தில் சேகரிச்சுப் பொருத்தும் முறையைக் கொண்டு வந்தாங்க.

1962ல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள், கல்லூரிச் சேர்க்கையைப் பத்தி ஒரு சின்னக் கட்டுரை எழுதினாங்க. அவங்க சொன்ன வழி எளிமையானது. எல்லா மாணவர்களும் முதல் விருப்பத்துக்கு விண்ணப்பிக்கட்டும். கல்லூரி தன் இடத்துக்கு ஏத்த எண்ணிக்கையில் சிறந்தவங்களைக் காத்திருப்புப் பட்டியலில் வைக்கட்டும், மற்றவங்களை விட்டுவிடட்டும். விடப்பட்டவங்க அடுத்த விருப்பத்துக்குப் போகட்டும். கல்லூரி புதுசா வந்தவங்களையும் ஏற்கனவே வெச்சிருக்கவங்களையும் மறுபடி ஒப்பிடட்டும். நகர ஆள் இல்லாத வரைக்கும் இது தொடரட்டும். அதுக்கு அப்புறம்தான் முடிவை அறிவிக்கணும்.

கவனிச்சீங்களா? இந்த முறையில் கடைசி நிமிஷம் வரைக்கும் எல்லாருமே வெயிட்டிங் லிஸ்ட்டில்தான் இருக்காங்க, முதல் மாணவன் உட்பட. 1984ல் ஆல்வின் ரோத் என்ற பொருளாதார அறிஞர், அமெரிக்க மருத்துவர்கள் 1950களில் கண்டுபிடிச்ச முறையும் இந்தக் கணித முறையும் அடிப்படையில் ஒன்றுதான்னு காட்டினார். ரோத்துக்கும் ஷாப்லிக்கும் 2012ல் பொருளாதார நோபல் பரிசு கிடைச்சுது. கேல் 2008லேயே காலமாகிட்டார்.

எல்லா நாட்டுச் சேர்க்கையும் இந்த விதிப்படி ஓடுறது இல்லை. ஆனா லிஸ்ட்டில் வைக்கப்படுவது அவமானம்னு நினைக்கிறவங்களுக்கு இந்தக் கதை உதவும். அவசரமா தவறான பொருத்தம் நடக்காம இருக்கத்தான் அந்தக் காத்திருப்பே வந்துச்சு.

4. கர்மயோகமும் ஒரு வெள்ளைத் தாளும்

வகுப்பில் கர்மயோகம் படிக்கும்போது எல்லாரும் தலையாட்டுறோம். முடிவு வர்ற வாரத்தில் அதை எப்படிப் பயன்படுத்துறது? ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்க. இடது பக்கம் என் கையில் இருப்பது, வலது பக்கம் என் கையில் இல்லாதது.

வலது பக்கத்தில் எழுத வேண்டியவை: எத்தனை பேர் இடத்தை விடுவாங்க, நேர்முகத் தேர்வாளர் என்ன நினைச்சார், பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்ன கிடைச்சுது.

இடது பக்கம் எழுத வேண்டியவை கொஞ்சம் நீளம்:

அ. இந்த வருஷ அறிவிப்பைச் சொந்தக் கண்ணால் படிங்க. ராயுவான் நாட்கள், விதிகள் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறலாம். போன வருஷம் மச்சான் சொன்னது இந்த வருஷம் செல்லாம போகலாம்.

ஆ. கையில் ஓர் இடம் இருந்தா, அதை விடுவதற்கு முன்னாடி இரண்டு தடவை யோசிங்க. அதை ஏத்துக்கிட்டே மேல்முறையீடு செய்ய முடியுமான்னு அறிவிப்பில் பாருங்க, இல்லன்னா நேரடியா கேளுங்க.

இ. தொலைபேசியும் மின்னஞ்சலும் எப்பவும் திறந்திருக்கணும். காலி இடத்துக்குக் கூப்பிடும்போது பதில் சொல்ல அவகாசம் குறைவா இருக்கலாம். ஸ்பேம் பெட்டியையும் தினம் ஒரு தடவை பாருங்க. தினம் முப்பது தடவை வேண்டாம்.

ஈ. சான்றிதழ் நகல், படம், உடல் பரிசோதனை, பி.டி.பி.டி.என் அல்லது உபகாரச் சம்பளப் பாரம் எல்லாம் ஒரே கோப்பில் தயாரா இருக்கட்டும்.

உ. வெளிநாடு என்றால், அந்தப் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்குதான்னு முதலில் பாருங்க. ஏஜெண்ட் சொன்னா போதாது, மன்றத்தோட பட்டியலிலேயே பார்க்கணும்.

ஊ. ஒரு கடைசித் தேதி வைங்க. “இந்தத் தேதிக்கு மேல் காத்திருக்க மாட்டேன், அடுத்த திட்டத்துக்குப் போவேன்” என்ற தேதி. காலண்டரில் வட்டம் போட்டு வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி மாட்டுங்க.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறவங்களைப் பாருங்க. அவங்களும் காத்திருக்காங்கதான். ஆனா என்ன சாப்பிடுறது, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது, என்னைக்கு விரதத்தை முடிக்கிறதுன்னு ஓர் ஒழுங்கு இருக்கு. அதனால்தான் பால்குடம் எடுக்கிற நாளில் 272 படி ஏற உடம்பில் தெம்பு இருக்கு. ஒழுங்கில்லாத காத்திருப்புதான் ஆளைத் தின்னும். பகலில் தூங்கி, ராத்திரி ரெண்டு மணிக்குத் தொலைபேசியைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சுப் பார்க்கிற தம்பிகளுக்குத்தான் இதைச் சொல்றேன். டியூஷன் சொல்லிக் கொடுங்க, கார் லைசென்ஸ் எடுங்க, முதியோர் இல்லத்துக்கு வாரம் ஒரு நாள் போங்க. நோயாளி பக்கத்தில் உட்கார முடியுதான்னு அங்கேயே தெரிஞ்சுக்கலாம்.

5. வீட்டில் பேசுறது

எனக்குத் தெரிஞ்ச ஓர் அக்கா எஸ்.டி.பி.எம் முடிச்சு மருத்துவம் கேட்டாங்க. கிடைச்சது உயிர்மருத்துவ அறிவியல். அப்பா, வீட்டைப் பேங்கில் வெச்சுத் தனியாரில் சேர்க்கலாம்னார். அம்மா, இன்னொரு வருஷம் காத்திருக்கலாம்னாங்க. பாட்டி நேர்த்திக்கடன் வெச்சுட்டாங்க. அக்காவை மட்டும் யாரும் கேட்கல.

அக்கா ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தாளோட உட்கார்ந்தாங்க. ஐந்து வருஷக் கட்டணம், வங்கித் தவணை, தம்பியோட படிப்பு எல்லாத்தையும் எழுதினாங்க. ஐந்து வருஷத்துக்கு அப்புறம் இரண்டு வருஷம் பயிற்சி மருத்துவர் வேலை இருக்கு. 2016 கடைசியில் இருந்து புது மருத்துவர்களை அரசாங்கம் ஒப்பந்த முறையில்தான் எடுத்துச்சு, அதை எதிர்த்து 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்பே செஞ்சாங்க. அதையும் எழுதினாங்க. “டாக்டர் ஆனதும் கடன் தானா தீர்ந்துடும்” என்ற நினைப்பு அன்னிக்கு மேசையில் நிற்கல. கிடைச்ச இடத்தை ஏத்துக்கிட்டு, ராயுவானும் போட்டு, ஒரு தேதி வெச்சாங்க. ராயுவான் கிடைக்கல. தேதி வந்ததும் பெட்டியைக் கட்டிட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டாங்க.

இப்போ அவங்க ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்றாங்க. டாக்டர் ஆகலையேன்னு வருத்தம் இன்னும் சில நாள் வருமாம், அதை அவங்க மறைக்கல. வீடு அப்பா பேரிலேயே இருக்கு. தம்பி இப்போ படிவம் ஆறு.

மருத்துவக் கதவு ஒரு வயசோட மூடிடுறதும் இல்லை. பட்டம் முடிச்சவங்களை மட்டுமே சேர்த்து நான்கு வருஷத்தில் மருத்துவராக்கும் கல்லூரிகளும் உண்டு. சிங்கப்பூரில் டியூக் என்.யு.எஸ். அப்படிப்பட்டது. மருந்தியல், தாதிமை, இயன்முறை மருத்துவம், என் துறைக்குப் பக்கத்தில் இருக்கிற உயிர்மருத்துவப் பொறியியல், இவை எல்லாம் நோயாளிக்குச் சேவைதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கோயிலில் சந்திக்கிற ஆன்டி, அங்கிள் “என்னாச்சு, கிடைச்சுதா?”ன்னு கேட்கும்போது பதிலை நீங்களே சொல்லுங்க, பிள்ளை பக்கம் திரும்பாதீங்க. “இன்னும் வரல, வந்ததும் சொல்றோம்” போதும். அர்ச்சனை பண்ணுங்க, ஆனா “உனக்காக எவ்வளவு வேண்டியிருக்கேன் தெரியுமா”ன்னு கணக்குச் சொல்லாதீங்க. சாப்பிடாம, தூங்காம, யாரோடவும் பேசாம பிள்ளை இருந்தா, முடிவு வரட்டும்னு பொறுக்காதீங்க, உடனே கிளினிக்குக்கோ பள்ளி ஆலோசகரிடமோ கூட்டிட்டுப் போங்க.

கலந்துரையாடலுக்கு

1. உங்க தாளின் இரண்டு பக்கத்தையும் எழுதுங்க. வலது பக்கத்தில் இருப்பதில் எது உங்க தூக்கத்தை அதிகம் கெடுக்குது?

2. மேலே சொன்ன கணக்கில் 120 கடிதத்துக்குப் பதிலா 110 அனுப்பினா, ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு 80 விழுக்காடாவே இருந்தா, சராசரியா எத்தனை இடம் காலியாகும்? ஏழாவது ஆளின் நிலைமை என்ன?

3. நண்பனுக்கு இடம் கிடைச்சு உங்களுக்குக் கிடைக்கலன்னா, அன்னிக்கு அவனுக்கு என்ன சொல்வீங்க? வகுப்பில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.

4. உங்க கடைசித் தேதி எது? அடுத்த வகுப்புக்கு எழுதிக்கிட்டு வாங்க.