இடுப்பு வலி: ஊசியாலா, உட்காரும் விதத்தாலா?



"பிரசவ ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கம்மா. அன்னையிலேருந்து இடுப்பு வலி விடவே இல்ல." தறிக்கார வீடுகளில் தாய்மார்கள் கிராமச் செவிலியரிடம் இப்படிச் சொல்வதுண்டு.

ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், பிறகு ஆறிவிடும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணமல்ல. தறியில் உட்காரும் கணவருக்கும் அதே வலி இருக்கிறதே, அவருக்கு யார் ஊசி போட்டார்கள்?

இந்தப் பயத்தால் அவசர நேரத்தில் ஆபரேஷனுக்குத் தயங்குவோரும் உண்டு. அந்தத் தாமதம் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.

வலி எப்படி வருகிறது?

முதுகெலும்பில் அசையும் எலும்புகள் 24. அவற்றின் இடையிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. நிற்கும்போது இருப்பதைவிடக் குனிந்து உட்காரும்போது அவற்றின் மேல் அழுத்தம் கூடுகிறது. அசையாமலே இருந்தால் முதுகுத் தசைகளும் களைத்து இறுகிப்போகும்.

தரையில் உட்காருவது தப்பில்லை. மணிக்கணக்கில் ஒரே பக்கம் திரும்பி, குனிந்தபடியே இருப்பதுதான் தப்பு.

செய்ய வேண்டியவை

1. குழித்தறியில் நெய்பவர்: பலகை தாழ்வாக இருந்தால் சாக்கை மடித்துப் போட்டு உயர்த்துங்கள். முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்திருக்கட்டும். துணியின் மேல் வெளிச்சம் விழுந்தால் குனிய வேண்டிய அவசியம் குறையும்.

2. ராட்டையில் தார் சுற்றுபவர்: நாலு விரல் உயர மணை போட்டு உட்காருங்கள். ராட்டையை அருகில் இழுத்து, முடிந்தவரை நேராகப் பார்த்தபடி சுற்றுங்கள். காலை அடிக்கடி மாற்றிப் போடுங்கள்.

3. இருவரும்: அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள். கைகளை இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் சாயுங்கள். ஒருவர் மறந்தால் மற்றவர் நினைவூட்டுங்கள்.

4. கர்ப்பிணிகள்: முதுகுக்குத் தலையணை வைத்துச் சுவரில் சாய்ந்து உட்காருங்கள். வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். தண்ணீர்க் குடத்தைக் கணவர் தூக்கட்டும். அதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

கால் மரத்துப்போனாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். காலில் பலம் குறைந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், தானாகப் போனாலும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஊசியைப் பழிப்பதை விடுவோம். உட்காரும் முறையை மாற்றுவோம்.