புக்கிட் மேரா ஏரி

தைப்பிங்கைக் கடந்து வடக்கே செல்லும் மின்ரயில், சிறிது நேரத்தில் ஏரியின்மீது ஓடத் தொடங்குகிறது. ஏறக்குறைய 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் அது. இருபுறமும் நீர் பரந்து கிடப்பதால், பயணிகள் பலர் அதனை இயற்கை ஏரி என்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையில், புக்கிட் மேரா மனிதர் அமைத்த நீர்த்தேக்கம். 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது.

பேரா மாநிலத்தின் கிரியான் மாவட்டம் கடலோரத் தாழ்நிலமாகும். நெல் விளைய ஏற்ற மண் இருந்தும், அக்கால உழவர்கள் மழையை மட்டுமே நம்பியிருந்தனர். மழை பிந்தினால் நாற்றுகள் கருகின. கடலை ஒட்டிய பகுதிகளில் நல்ல குடிநீருக்கும் தட்டுப்பாடு. எனவே, குராவ் ஆற்றை மறித்து அணை எழுப்பினர். தேங்கிய நீரை வாய்க்கால்கள் வழியாக வயல்களுக்கு அனுப்பினர். ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாவில் உருவான முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் இதுவே. இன்று பாகான் செராய், பாரிட் புந்தார் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 24,000 ஹெக்டர் வயல்கள் இந்நீரால் பசுமை பெறுகின்றன. ஒருபோகம் விளைந்த நிலத்தில் இப்போது ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. மக்களின் வீட்டுக் குழாய்களுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது.

ஏரிக்கு மற்றொரு பெருமையும் உண்டு. பொன்னிறச் செதில்கள் கொண்ட ‘கெலிசா’ மீனின் தாயகம் இது. ஆண்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பாதுகாக்கும். குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை அதற்கு உணவு ஏது? அத்தகைய மீன் அழகுக்காக அதிக விலை பெற்றதே அதற்கு வினையாயிற்று. அளவின்றிப் பிடிக்கப்பட்டதால், ஏரியில் இயல்பாக வாழும் கெலிசாவைக் காண்பது இன்று அரிது. வளர்ப்புப் பண்ணைகளில்தான் அது பெருகுகிறது.

ஏரியின் ஆழமும் பழையபடி இல்லை. ஆற்றின் மேற்பகுதியில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் உருவானபோது, மழைநீர் மண்ணை அரித்துவந்து ஏரியில் சேர்த்தது. வண்டல் படிந்த இடத்தில் நீர் தேங்காது அல்லவா? அதனால், வறட்சி நீடித்தால் நீர்மட்டம் விரைவாகத் தாழ்கிறது; கரையோரச் சேறு வெடிக்கிறது. அப்போது யாருக்கு முதலில் நீர் கொடுப்பது? குடிநீருக்கே முன்னுரிமை என்பதால், வயலுக்குச் செல்லும் நீர் குறைக்கப்படுகிறது. நடவு தள்ளிப்போகிறது, அறுவடை பிந்துகிறது, அடுத்த போகத்திற்குரிய நாள்களும் சுருங்குகின்றன. நூறாண்டுக்கு முன் பாட்டன்மார் செய்ததைப் போலவே, உழவர்கள் மீண்டும் கிழக்கே மலைப்பக்கம் மேகம் திரள்கிறதா என்று பார்க்கின்றனர்.