இடித்த பின்னரே கட்டுதல்

2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரினா சூறாவளி அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்சு நகரைத் தாக்கிற்று. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தமையால் நகரின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. பின்னர் வீடு கட்டித்தரச் சென்ற கிறித்தவ இளைஞர் குழுக்கள் முதலில் செய்த தொண்டு கட்டுதலன்று, இடித்தல்! வாரக்கணக்கில் நீர் நின்ற மரவீடுகளில், ஜிப்சம் பலகைச் சுவர்களுக்குள் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பலகைகளைப் பெயர்த்து, மரச்சட்டங்களை உலர்த்தாமல் புதுச்சுவர் எழுப்பினால் அது மீண்டும் தலைதூக்கும். மின்கம்பி பொருத்துவது உரிமம் பெற்றோர் வேலை. பெயர்ப்பதற்கோ முகமூடியும் கடப்பாரையும் போதும். ஒரு வாரமே தங்கும் மாணவனுக்கு இதுவே ஏற்ற பணி என்பேன். ஆயினும், அவன் தெருவோரம் குவிக்கும் குப்பையில் அவ்வீட்டாரின் திருமணப் படமும் இருக்கக்கூடும். எதை எறிவது, எதை வைப்பது என்று வீட்டுக்காரரைக் கேட்டாக வேண்டும். அவர் அதைத் துடைத்துப் பார்த்து முடிக்கும்வரை வேலை நிற்கட்டுமே!