கூட வாசிக்க ஆள் தேடு

அன்புள்ள மாப்பிள்ளை,

சென்னையை விட்டுக் கோவில்பட்டிக்கே வந்துவிட்டாய், தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறாய் என்று அக்கா சொன்னாள். அதில் எனக்கு வருத்தமில்லை. கீபோர்டைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாயாமே, சேக்காளிகளிடம்கூடப் பேச்சில்லையாமே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சினிமா வாய்ப்பு இனி வரும் என்று தேற்ற மாட்டேன். வராமலே போகலாம். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசித்த வேலையை இன்று ஒரு கம்ப்யூட்டரை வைத்தே முடித்துவிடுகிறார்கள். வாசல் குறுகியது உன் குற்றமில்லை.

பண்ணைப்புரத்துக்காரர் ஜெயிக்கவில்லையா என்று கேட்பாய். இளையராஜா 1968இல் சென்னைக்கு வந்தார். அவர் இசையமைத்த முதல் படமான ‘அன்னக்கிளி’ 1976இல்தான் வந்தது. எல்லாரும் அந்த எட்டு வருஷத்தைச் சொல்வார்கள். நீ அதற்கு முந்தியதையும் பார். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராக மேடையேறியவர். சென்னையிலும் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. சேர்ந்து வாசிக்கவும் திருத்தவும் ஆள் இருந்தது. நீயோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியறையில் டியூன் போட்டாய். பாடுகிறவர் தொண்டை கட்டி அரைக்கட்டை இறக்கிப் பாடினால், டிரான்ஸ்போஸ் பட்டனைத் தேடாமல் விரலாலேயே ஈடுகொடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் அறைக்குள் வராது.

நம் பக்கத்து இடைசெவல் கி. ராஜநாராயணனும் இளமையில் சங்கீதம் கற்றவர்தான். வித்வானாகவில்லை. முப்பது வயது தாண்டி எழுத வந்தார். கரிசல் பேச்சின் ஏற்ற இறக்கத்தை அச்சில் கேட்கவைத்ததில் அந்தச் சங்கீதக் காதுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். அவருக்கும் சொந்த ஊரிலேயே கு. அழகிரிசாமி என்ற கூட்டாளி வாய்த்தார்.

ஆகவே கீபோர்டை வெளியே எடு. சர்ச் கொயரோ, கல்யாண வீட்டு மெல்லிசையோ, கூப்பிட்ட இடத்துக்குப் போ. தெருப்பிள்ளைகள் கேட்டால் சொல்லிக்கொடு. கூலியைப் பேசி வாங்கு. ஓசி வாசிப்புக்கு மதிப்பில்லை. ஆபீஸ் வேலையை விடாதே. சோற்றுக்கு அது இருக்கும்வரை, பாட்டைக் கொண்டுபோய் எவன் காலிலும் வைக்க வேண்டியதில்லை.

அடுத்த கடிதத்தில் யாரோடு வாசித்தாய், எங்கே தடுமாறினாய் என்று எழுது. எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பது எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
மாமா