கல்லீரல் கொழுப்பு: இன்ச் டேப்பை எங்கே சுற்றுவது?

கல்லீரலில் கொழுப்பு சேர்வது வலிக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய்த்தான் பலருக்குத் தெரிய வருகிறது. அதற்கு முன்பே சந்தேகப்பட, இடுப்பை அளக்க ஒரு இன்ச் டேப் போதும். எங்கே சுற்றுவது என்பதில்தான் மருத்துவ முகாமுக்கு முகாம் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

"என் பேன்ட் சைஸ் 34, அப்போ இடுப்பும் 34தானே சார்?" இல்லை. தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் போடுகிறார்கள். புடவைக் கொசுவத்தின் மேலேயே அளப்பதும் வேண்டாம். தொப்புளையும் அடையாளமாக வைக்காதீர்கள். வயிறு சரிந்தால் அதுவும் சேர்ந்து இறங்கிவிடும்.

எலும்பை நம்புங்கள். நிற்கவைத்து, பக்கவாட்டில் விரலால் அழுத்தி, கடைசி விலா எலும்பின் அடி விளிம்பில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு நேர் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே டேப் போக வேண்டும். பருமனானவர்களுக்கு எலும்பு சட்டென்று கையில் படாது. பொறுமையாகத் தேடுங்கள், கண்ணளவில் முடித்துவிடாதீர்கள். முதுகுப் பக்கம் டேப் இறங்கியிருக்கிறதா என்று சுற்றிப்போய்ப் பாருங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது.

டேப்பைக் கண்டதும் எல்லோரும் வயிற்றை எக்குவார்கள். "எக்காதீங்க" என்றால் இன்னும் எக்குவார்கள். ஊர் பெயரைக் கேளுங்கள். சொல்லி முடிக்கும்போது மூச்சு தானாக வெளியேறியிருக்கும். அந்த நொடியில் அளவைப் படியுங்கள். காலையில், சாப்பிடும் முன், இரண்டு முறை அளப்பதுதான் என் வழக்கம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இந்தியர்களுக்கு எல்லை: ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டினாலும் எச்சரிக்கைதான். எடையும் உயரமும் எடுத்து பி.எம்.ஐ. போட்டால், நமக்கு 23 முதலே அதிகம். ஆள் ஒல்லியாகத் தெரிகிறாரே என்று விட்டுவிடாதீர்கள். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியவர்களைத்தான் நாம் தவறவிடுகிறோம்.

அளவு தாண்டியவர்களும், அளவு எப்படி இருந்தாலும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம் நார்மல் என்று வந்தாலும் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதனால் ஃபிப்-4 கணக்கைப் போட்டுப் பாருங்கள். கொழுப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கக்கூடுமா என்று சொல்லும். வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு என்சைமின் அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை அதால் வகுங்கள். ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 1.8 லட்சம் என்றிருந்தால் 180 என்று போட வேண்டும். கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 180 என்றால் 2496-ஐ 1440-ஆல் வகுக்க 1.73 வரும். 1.3-க்குக் கீழே இருந்தால் தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. இவர் 1.3-ஐத் தாண்டிவிட்டார், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். 2.67-க்கு மேல் போனால் தாமதிக்காமல் கல்லீரல் மருத்துவரிடம் போகட்டும்.

35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. டெங்கு காய்ச்சலின்போது எடுத்த ரிப்போர்ட்டையும் பயன்படுத்தாதீர்கள்: பிளேட்லெட் சரிந்து, என்சைம் ஏறி, விடை பொய்யாக எகிறும். குணமாகிச் சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள். விடை குறைவாக வந்த சர்க்கரை நோயாளிகள் 1 அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறையும், சர்க்கரை இல்லாதவர்கள் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறையும் மீண்டும் பார்த்தால் போதும்.