தூய்மையே காவல்

நுழையும்முன்

அன்றாடம் நாம் கையாளும் எளிய பொருள்களுக்குப் பின்னே அறிவியலின் நெடும்பயணம் மறைந்திருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவரும் குழாய், ஒரு நச்சு வாயுவிலிருந்து உருவானது என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வாயு பயன்தரு பொருளாக மாறும் முறையையும் அம்மாற்றத்தில் தூய்மை பெறும் இடத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

திருவரங்கத்துக் குழாய்

காவிரியும் கொள்ளிடமும் மாலையெனச் சூழ்ந்த தீவு திருவரங்கம். காவிரியின் தென்கரையில் அமைந்தது திருச்சிராப்பள்ளி. ஆற்றுப்படுகையில் எடுக்கப்படும் நீரே இவ்வூர்களின் தாகம் தணிக்கிறது. அந்நீரை மாடித் தொட்டியிலிருந்து அடுக்களை வரை கொண்டுசேர்க்கும் குழாய்களுள் பல, பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடால் ஆனவை. அதன் மூலப்பொருளே வினைல் குளோரைடு.

திருச்சிக்கு நீர் வரும் அதே காவிரியின் வழியே மேல்நோக்கிச் சென்றால் மேட்டூரை அடையலாம். அங்குக் கெம்பிளாஸ்ட் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் பி.வி.சி. உற்பத்தியைத் தொடங்கியது. அதே குழுமம் 2009இல் கடலூரிலும் ஓர் ஆலையை நிறுவியது. அவ்வாலைக்குத் தேவையான வினைல் குளோரைடு கப்பல் வழியே இறக்குமதியாகிறது.

உருவாகும் முறை

வினைல் குளோரைடை 1835இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனோ முதன்முதலில் உருவாக்கினார். நிறமற்ற இவ்வாயு மெல்லிய இனிய மணம் உடையது, எளிதில் தீப்பற்றக்கூடியது. இதன் கொதிநிலை -13.4 டிகிரி செல்சியசு. ஆதலால் அழுத்தத்தின்கீழ் நீர்மமாக்கியே இதனைச் சேமிப்பர்.

எத்திலீனுடன் குளோரினைச் சேர்த்தால் எத்திலீன் டைகுளோரைடு கிடைக்கும். அதனை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியசு வெப்பத்தில் சிதைத்தால் வினைல் குளோரைடும் ஹைட்ரஜன் குளோரைடும் பிரியும். பிரிந்த ஹைட்ரஜன் குளோரைடை வீணாக்குவதில்லை. செம்புச் சேர்மத்தை வினைவேக மாற்றியாகக் கொண்டு, எத்திலீன், ஆக்சிஜன் ஆகியவற்றுடன் அதனை வினைபுரியச் செய்து மீண்டும் எத்திலீன் டைகுளோரைடாக மாற்றுவர். கழிவே மூலப்பொருளாகும் சிறப்பை இங்குக் காணலாம்.

இருமுறை தூய்மை

வெப்பச்சிதைவில் கிடைக்கும் கலவையைக் குளிர்வித்து, அடுத்தடுத்துக் காய்ச்சி வடித்து, 99.9 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தூய்மையுடைய வினைல் குளோரைடைப் பெறுவர். பியூட்டாடையீன் போன்ற மாசு சிறிதளவு கலந்திருப்பினும் மூலக்கூறுகள் சங்கிலியாய் இணையும் பலபடியாக்கல் தடைப்படும். இது முதல் தூய்மை.

இணைந்தபின் வினையுறாது எஞ்சிய வாயுவை நீராவியால் வெளியேற்றி மீட்பது இரண்டாம் தூய்மை. முதலாவது பொருளின் தரத்தைக் காக்கிறது. இரண்டாவது மனித உயிரைக் காக்கிறது.

இழப்பு கற்பித்த பாடம்

வினைல் குளோரைடு ஒருகாலத்தில் தலைமுடித் தெளிப்பான்களில் உந்துவாயுவாகவும் பயன்பட்டது. வினைக்கலன்களுக்குள் இறங்கிச் சுவர்களைச் சுரண்டித் தூய்மை செய்த தொழிலாளர் அவ்வாயுவையே சுவாசித்தனர். அமெரிக்காவின் லூயிவில் நகரிலுள்ள ஆலையில் பணிபுரிந்தோர் சிலர் கல்லீரலின் அரியவகைப் புற்றுநோயால் இறந்தமை 1974 சனவரியில் வெளியுலகிற்குத் தெரியவந்தது. அதன்பின் எட்டு மணி நேரப் பணியில் சராசரியாகக் காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்வாயு இருத்தலாகாது என்று அந்நாடு வரையறுத்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டு அளவு.

பயன்கள்

உற்பத்தியாகும் வினைல் குளோரைடு ஏறத்தாழ முழுவதும் பி.வி.சி.யாகவே மாறுகிறது. குழாய்கள், மின்கம்பி உறைகள், சன்னல் சட்டங்கள், குருதிப் பைகள் எனப் பல வடிவங்களில் அது நமக்குப் பயன்படுகிறது. குடிநீருக்கான பி.வி.சி. குழாய்களின் இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 4985. குழாய் வாங்குவோர் அதன்மீது இக்குறியீடு பொறிக்கப்பட்டுள்ளதா எனக் காண்பது கடமையாகும்.

தனித்து உலவும்போது நஞ்சாகும் மூலக்கூறு, சங்கிலியில் இணைந்தபின் நீர் சுமந்து வருகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே காவலாய் நிற்பது தூய்மை. அத்தூய்மையின் அளவுகளுக்குப் பின்னே, பெயர் அறியப்படாத தொழிலாளர் பலரின் உயிரிழப்பு இருக்கிறது. அதனை மறவாதிருப்பதே அறிவியல் கற்போர்க்கு அழகு.