வலி மாத்திரை போடுமுன்

சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மற்றதை உப்போடும் சர்க்கரையோடும் ரத்தத்துக்கே திருப்பித் தருபவை நுண்குழாய்ச் செல்கள். அந்த ஓயாத வேலைக்கு ஆற்றல் தருவது அவற்றுக்குள் நெருக்கமாக நிறைந்திருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அது பழுதானால் ஆற்றல் குறைவதோடு நிற்காது. உடைந்த மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ கசியும். செல் அதைக் கிருமியுடையது என்று எடுத்துக்கொண்டு அழற்சியைக் கிளப்பும். அழற்சி மேலும் பல மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும். இது நீடித்தால் திசு தழும்பேறிவிடும். தழும்பான பகுதி மறுபடி வேலை செய்யாது. அதனால் கெடுமுன் காப்பதே வழி.

செய்யக்கூடாதவை

• டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. நாள் முழுக்க வெயிலில் களை எடுத்துவிட்டு, சரியாகத் தண்ணீரும் குடிக்காமல், இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துத் தரும் இரண்டு மாத்திரையை விழுங்குகிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம். உடலில் நீர் வற்றிய அந்த நேரத்தில்தான் பாதிப்பு அதிகம். வாந்தி, வயிற்றுப்போக்கின்போதும் அப்படியே.

• மூலிகைதானே என்று ஆடுதீண்டாப்பாளையைத் தின்னாதீர்கள். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் நுண்குழாய்களை அழிக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், இந்த அமிலம் இருந்த மூலிகையை உடல் இளைக்கச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது.

• சுகர், பிரஷர் மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கெடுப்பது கட்டுப்படாத சுகரும் பிரஷரும். சுகருக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின், சுகர் இல்லாத சிறுநீரக நோயாளிகள் பலருக்கும் நோயின் வேகத்தைக் குறைக்கிறது.

• புகை வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• சுகரோ பிரஷரோ இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரில் ஆல்புமின் பாருங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் போதாது. பாதித் திறன் போகும்வரைகூட அது சரியாக இருப்பதுபோலவே காட்டலாம். சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமைத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள்.

• ஜென்டாமைசின் ஊசி போட நேர்ந்தால், அந்த நாட்களில் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது நுண்குழாய்ச் செல்களில் தேங்கும் மருந்து.

• வெயில் வேலையில் நிழலும் தண்ணீரும் இடையிடையே வேண்டும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

• வீட்டுப் பெரியவர்கள் போடும் மாத்திரை அட்டைகளை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வலி மாத்திரை இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.